யாருக்கு நிம்மதி?

என் சித்தி மகன் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கிறவன். என்னைவிட ஏழு வயது இளையவன். அவனுடைய இருபத்து மூன்றாம் வயதில், ஆளில்லாத இடத்திலிருந்து யாரோ அவனைத் திட்டத் தொடங்கினார்கள். அவனுக்கு மட்டுமே கேட்ட குரல்கள் அவை. ஹாலோபெரிடால் என்ற மாத்திரை அந்தக் குரல்களை அடக்கியது; கூடவே அவன் கையை நடுங்க வைத்தது. புரூப் திருத்துகிறவனுக்குக் கை நடுங்கினால் என்ன மிச்சம்?

மருந்தை மாற்றினார்கள். இம்முறை ஓலான்ஸபின். நடுக்கம் நின்றது; பசி வந்தது. ஒரே வருஷத்தில் பதினான்கு கிலோ ஏறினான். இரவு ஒன்பது மணிக்குப் படுத்தால் காலை எட்டுக்கும் எழ மாட்டான். ஆனால் வீட்டில் நிம்மதி. கூப்பிட்டால் வருவான், உட்காரச் சொன்னால் உட்காருவான். "பையன் குணமாயிட்டான்" என்று சித்தி தெருவெல்லாம் சொன்னாள். நானும் சந்தோஷப்பட்டேன்.

ஒரு நாள் மாலை காவிரிப் படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது அவன் சொன்னான்: "அண்ணா, அடுத்த வரிக்குப் போறதுக்குள்ள முதல் வரி மறந்துடுது. பிழை கண்ணுல படவே மாட்டேங்குது. டாக்டர்கிட்ட மருந்தை மாத்தச் சொல்லுங்களேன்."

"இருக்கிறது இருக்கட்டும்டா. வம்பை விலைக்கு வாங்காதே" என்றேன்.

அந்த பதிலை நான் யாருக்காகச் சொன்னேன்? இந்தக் கேள்விதான் என்னை இன்று எழுத வைக்கிறது.

இந்த மருந்துகளின் சரித்திரத்தைப் புரட்டினால், தொடக்கத்திலேயே இதே கேள்வி நிற்கிறது. 1952-இல் பாரிஸில் சேந்த்-ஆன் மருத்துவமனையில், ழான் டிலே, பியேர் டெனிக்கர் என்ற இரு வைத்தியர்கள் குளோர்ப்ரோமஸின் மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கூச்சலிட்டவர்கள் அமைதியானார்கள். அது பெரிய உபகாரம்தான். எத்தனையோ பேருக்கு விடுதியின் கதவைத் திறந்துவிட்ட மருந்து அது. ஆனால் அமைதி என்பது பக்கத்தில் நிற்பவன் கண்ணால் காண்கிற லட்சணம். உள்ளே இருப்பவனுக்கு எப்படி இருக்கிறது என்பதை அவனைக் கேட்டால்தான் தெரியும்.

கேட்டால் என்ன சொல்வார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவில் 1493 நோயாளிகளை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2005-இல் வெளிவந்தது. தமக்கு முதலில் கொடுக்கப்பட்ட மருந்தைப் பதினெட்டு மாதங்களுக்குள் விட்டுவிட்டவர்கள் நூற்றுக்கு 74 பேர். சிலருக்கு மருந்து போதவில்லை. சிலருக்கு அது தரும் உபத்திரவம் பொறுக்கவில்லை. சிலர் தாமாகவே வேண்டாம் என்றார்கள். மருந்து மாற்றம் என்பது இந்த வியாதியில் எங்கோ ஒருவருக்கு நேர்கிற விபத்து அல்ல.

என் தம்பி கேட்டு மாற்றாத மருந்தை, ரத்தப் பரிசோதனைச் சீட்டு மாற்றியது. சர்க்கரை ஏறியிருந்தது. காகிதம் சொன்னால் நம்புகிறோம்!

புதிய மாத்திரை அரிப்பிப்ரசோல். பழையதை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே புதியதைச் சேர்க்கும்படி டாக்டர் எழுதிக் கொடுத்தார். "ரெண்டு விஷத்தையும் சேர்த்துக் குழந்தை எப்படித் தாங்குவான்?" என்று பயந்து, சித்தி பழைய மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டாள். நாலாம் நாள் தூக்கம் போயிற்று. குமட்டல், வியர்வை. அப்புறம் கூடத்துக்கும் வாசலுக்குமாக இரவெல்லாம் நடை. "மறுபடியும் ஆரம்பிச்சுடுச்சுப்பா" என்று சித்தி போனில் அழுதாள். நான் ஓடினேன்.

"குரல் எதுவும் இல்லை அண்ணா. கால்தான் உட்கார விடமாட்டேங்குது" என்றான் அவன். நான் நம்பவில்லை. அவன் கையைப் பிடித்து, "பேசாம வா, ஆஸ்பத்திரியில் சேர்ந்துடு" என்றேன்.

டாக்டர் என்னைக் கேட்கவில்லை, அவனைக் கேட்டார். "பயத்தினால் நடக்கிறீர்களா, கால் நமநமவென்று இழுப்பதால் நடக்கிறீர்களா? பழைய மாத்திரையை என்றைக்கு நிறுத்தினீர்கள்?" இரண்டு கேள்விகளில் விஷயம் வெளியே வந்துவிட்டது. பழைய மருந்து தூக்கத்தையும் பசியையும் ஆளுகிற நரம்பு வாசல்களையும் சேர்த்து அடைத்து வைத்திருந்தது. அதைத் திடீரென்று எடுத்தால், அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். புதிய மருந்தோ ரத்தத்தில் தன் முழு அளவை எட்டவே இரண்டு வாரம் ஆகும். அதற்கென்று ஒரு தொல்லையும் உண்டு. உட்கார முடியாமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதை அகதீசியா என்கிறார்கள். பழையதைக் கொஞ்சம் திரும்பக் கொடுத்து, புதியதைக் குறைத்து, மெல்ல மெல்ல மாற்றினார் டாக்டர்.

வயிற்றெரிச்சல் என்று ஒருவன் சொன்னால் அவன் மருந்தைச் சந்தேகிக்கிறோம். மனநோயாளி சொன்னால் அவனையே சந்தேகிக்கிறோம். அவன் நோயை இழந்தாலும் நம்பகத்தை மீட்பதில்லை.

சித்தியின் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்தைத் தானாக நிறுத்திவிட்டு மறுபடி நோயில் விழுந்தவர்கள் உண்டு. "எனக்கு ஒன்றுமில்லை" என்று நோயே பேசுகிற சமயமும் உண்டு. ஆகவே நோயாளி சொல்வதெல்லாம் சரியென்று ஒப்புக்கொள்வது தர்மம் ஆகாது. ஆனால் விசாரிக்காமல் தள்ளுவது அதர்மம். நம் நாட்டில் 2017-இல் இயற்றி 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்க இடம் கொடுக்கிறது. சட்டம் தந்த மரியாதையைப் படித்துறையில் உட்கார்ந்திருந்த அண்ணன் தரவில்லை.

இதை எழுதலாமா என்று அவனைக் கேட்டுத்தான் எழுதினேன். எழுதி முடித்ததும் அவனிடமே படிக்கக் கொடுத்தேன். மூன்று ஒற்றுப் பிழைகளைத் திருத்தினான். கடைசியில், "இப்போது அவன் பூரண குணமாகிவிட்டான்" என்று நான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் வேறொன்று எழுதினான்:

"சாயங்காலங்களில் கால் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. வேலைக்குப் போகிறான்."