ஒன்றுக்கும் உதவாதவள்



லூர்து மாதா கெபி இல்லாத கோயில் நம் பக்கத்தில் அபூர்வம். அங்கே மெழுகுதிரி ஏற்றுகிறோம், பூமாலை சாத்துகிறோம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிவந்து முழந்தாளிடுகிறோம். தேவமாதாவை அண்ணாந்து பார்க்கிற நம் கண், கீழே செபமாலையும் கையுமாய் இருக்கிற அந்தச் சிறுமியின் சுரூபத்தில் அதிகம் தங்குவதில்லை. 1858-ம் ஆண்டு சூலை 16-ந் தேதி கடைசிக் காட்சி முடிந்து அவள் எழுந்து வீட்டுக்குப் போனாளே, அப்புறம் அவள் என்ன ஆனாள் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? தாழ்ச்சி என்னும் புண்ணியம் எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அந்தப் பின்கதையைத்தான் கேட்கவேண்டும்.

அர்ச். பெர்னதெத் 1844-ம் ஆண்டு பிறந்தவள். தகப்பனார் மாவு அரைக்கும் ஆலைக்காரர். ஆலை கைவிட்டுப் போயிற்று. காட்சி நடந்த காலத்தில் தாய் தகப்பனும் நாலு பிள்ளைகளுமாக ஆறு பேர், முன்னே சிறையாயிருந்து, கைதிகளுக்கே ஆகாதென்று விடப்பட்ட ஓர் அறையில் குடியிருந்தார்கள். பெண்ணுக்கு வயது 14. இழுப்பு நோய்க்காரி. எழுத்து வாசனை கிடையாது. புதுநன்மைகூட இன்னும் வாங்காதவள். சர்வேசுரனுடைய மாதா பதினெட்டு முறை வந்து பேசியது இவளிடம்.

போலீஸ் அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். அவள் சொன்னதை எழுதிக்கொண்டு, மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினார். பிள்ளை பயந்து தலையாட்டவில்லை. தான் அப்படிச் சொல்லவில்லையென்று இடத்துக்கு இடம் திருத்தினாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தாழ்ச்சி என்றால் கூனிக்குறுகி எல்லாவற்றுக்கும் சரி சரி என்பது என்று அநேகர் நினைக்கிறார்கள். மருமகளை வாய்திறவாமல் வைத்துக்கொள்ளவும், கூலிக்காரன் கூலி கேட்காதிருக்கவும் அந்தப் புண்ணியத்தைப் போதிக்கிறவர்களும் உண்டு. பிறருக்குத் தாழ்ச்சியைப் போதிப்பதைப்போல் சுலபமான காரியம் வேறொன்றுமில்லை.

1866-ம் ஆண்டு சூலை மாதத்தில் அவள் நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். வந்த மறுநாள், மடத்துக் கன்னியரெல்லாரும் கூடியிருக்க, கெபியில் நடந்ததை ஒருமுறை சொல்லும்படி பணித்தார்கள். சொன்னாள். அத்தோடு, இனி இதைப்பற்றி மடத்துக்குள் பேச்சே கூடாதென்று கட்டளை பிறந்தது.

மறு ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி அவளும் அவள் கூட்டாளிகளும் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். அன்றைக்கு மேற்றிராணியார் ஒவ்வொருத்தியையும் அழைத்து, இன்ன ஊர் மடம், இன்ன வேலை என்று நியமிப்பது வழக்கம். எல்லாரையும் கூப்பிட்டாயிற்று, பெர்னதெத்தை மட்டும் கூப்பிடவில்லை. இவளுக்கு என்ன வேலை என்று ஆண்டகை கேட்டார். இவள் ஒன்றுக்கும் உதவாதவள் என்று தலைமைத் தாயார் பதில் சொன்னார். ஆண்டகை அவளைப் பார்த்து, அது நிசந்தானா என்று சபை நடுவே கேட்டார். நிசந்தான் என்றாள் அவள்.

அவளை வெளியூர் மடத்துக்கு அனுப்பினால் அங்கே கூட்டம் தேடிவரும். தாய்மடத்திலேயே வைத்தால் சலுகை என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அதற்காகவே பெரியவர்கள் இந்த வழியைப் பிடித்தார்களாம். இருந்தாலும் அது கொஞ்சம் கடுமைதான் என்பது என் அபிப்பிராயம். ஆண்டகை அவளுக்குச் செபிக்கிற உத்தியோகத்தைக் கொடுத்தார். நோயாளி அறையில் ஒத்தாசையாயிருக்க விட்டார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இதே ஆண்டகை லூர்து நகரில் அவளைச் சந்தித்து, கன்னியாஸ்திரியாகப் போகிறாயா என்று கேட்டபோது, தான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று அவளே சொல்லியிருந்தாள். தன் வாயால் சொன்னபோது எது நிசமோ, அதுவே பிறர் வாயால் நாலு பேர் முன்னிலையில் வந்தபோதும் அவளுக்கு நிசமாகவே இருந்தது.

நம் காரியம் எப்படி? பூசையின் தொடக்கத்தில் நெஞ்சில் பிழை தட்டி, நம் பாவத்தைச் சர்வேசுரனிடமும் சகோதர சகோதரிகளிடமும் ஒத்துக்கொள்கிறோம். பூசை முடிந்து கோயில் வாசலில், நாம் ஒத்துக்கொண்டதில் பத்தில் ஒரு பங்கைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடட்டும்! வேட்டியை மடித்துக் கட்டுகிறோம். சர்வேசுரனிடம் பெரும் பாவி, மைத்துனரிடம் மாசில்லாதவன். ஆயக்காரன் கதையைக் கேட்டுக் கேட்டு, கோயிலின் பின்னால் நிற்கவும் பழகிக்கொண்டோம். திருநாள் சப்பரத்துக்கு முதலில் தோள் கொடுப்பது எந்தத் தெருவார் என்ற பேச்சு வரட்டும், அப்போது தெரியும் பின்னால் நின்றவர்களின் சேதி. பரிசேயன் முன்னால் நின்றான் என்பதல்ல அவன் குற்றம்.

பெர்னதெத்துக்கு உறைக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். சுபாவத்தில் அவள் ரோஷக்காரி, பிடிவாதக்காரி. அது அவளுக்கே தெரிந்து அதோடு மல்லாடினாள். நவகன்னியருக்குத் தலைவியாயிருந்த தாயார் அவளிடம் முகங்கொடுத்துப் பேசாததெல்லாம் அவள் மனதை வருத்தியது. என்றாலும் விளக்குமாற்றால் பெருக்கியபிறகு அதைக் கதவுக்குப் பின்னால் வைப்பார்கள், தானும் அப்படித்தான் என்று ஒரு கன்னியாஸ்திரியிடம் சொன்னாளாம். சிரித்துக்கொண்டு சொல்லக்கூடியவள்தான். 1876-ம் ஆண்டு லூர்தில் பெரிய கோயில் அபிஷேகமானபோதும் அவள் போகவில்லை. நோயாளிகளைப் பார்த்தவள், பிறகு தானே நோயாளியானாள். இழுப்போடு முழங்கால் எலும்பிலும் வியாதி கண்டு, 1879-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி இறந்தாள். வயது 35. பதினோராம் பத்திநாதர் பாப்பானவர் 1933-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி அவளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

உங்கள் குடும்பத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோன ஒருவர் இருப்பார். அண்ணனாயிருக்கலாம், சம்பந்தியாயிருக்கலாம், ஒரே வீட்டில் ஒரே சோறு உண்கிற மனைவியாகவும் இருக்கலாம். அவர் உங்கள்மேல் சொல்லுகிற குறை என்னவென்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரத்தில் ஒரு நாள் கெபி முன்னால் அந்தச் சிறுமியின் பக்கத்தில் முழந்தாளிட்டு, அந்தக் குறையில் நிசமான பாகம் எவ்வளவு என்று யோசியுங்கள். முழுவதும் நிசமாயிராது, கால்பங்காவது இருக்கும். அந்தக் கால்பங்குக்கு, நிசந்தான் என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள். மற்ற முக்கால் பங்கைப்பற்றி அன்றைக்குப் பேசவேண்டாம்.