விடுவதா, தொடர்வதா?

கர்நாடக மாநிலத்திலுள்ள கோலார் தங்கவயலின் பகுதிகளுள் ஒன்று கோரமண்டல். சுரங்க வேலைக்காகத் தமிழகத்திலிருந்து சென்று குடியேறிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரம் விளக்கேற்றியதே அதற்குப் பிறகுதான். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேலாகச் சுரங்கம் இறங்கியது. 'கம்பெனி' என்ற சொல்லே அம்மக்களுக்கு அசையாத மலையாக இருந்தது. ஆனால் தங்கம் குறைந்தது; செலவு பெருகியது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலையை விடாதவர்களையும் வேலை விட்டுவிட்டது.

அதன்பின் தங்கவயலின் இளைஞர்கள் பலர் விடியற்காலையில் ரயிலேறி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்பலாயினர். அவர்களுள் ஒருவன், பெரிய நிறுவனமொன்றில் பெறும் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் செய்ய விரும்புவதாகக் கொள்வோம். சம்பளம் நின்றுபோன நாளை அறிந்த தந்தை, "கைக்கு வருவதை விட்டுவிடாதே அப்பா" என்கிறார். "நீங்களும் கம்பெனியை நம்பித்தானே இருந்தீர்கள்?" என்கிறான் மகன். இருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. அப்படியானால் எதைக் கொண்டு முடிவு செய்வது?

பகவத்கீதை இத்தகைய கேள்வியிலிருந்தே பிறக்கிறது. போர்க்களத்தில் நின்ற அர்ஜுனனும் தன் வேலையை விட்டுவிடவே விரும்பினான். பிச்சையெடுத்து உண்பதும் மேல் என்றான். அவன் சொன்ன காரணங்கள் உயர்ந்தவையாகவே ஒலித்தன. ஆனால் பகவான் காரணங்களோடு நில்லாமல், அவை எழுந்த இடத்தைப் பார்த்தார். அங்கே இருந்தது தெளிவு அன்று, சோகமும் மயக்கமுமே.

பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான் தியாகத்தை மூன்றாகப் பிரிக்கிறார். செய்யவேண்டிய கடமையை மயக்கத்தால் விடுவது தாமசம். துன்பமாக இருக்கிறது, உடல் வருந்துகிறது என்று அஞ்சி விடுவது ராஜசம். அதனால் தியாகத்தின் பயன் கிட்டாது. கடமையைக் கடமையாகவே செய்து, பற்றையும் பயனையும் விடுவதே சாத்விகம்.

இந்த அளவுகோலை இன்றைய நிலைக்குப் பொருத்திப் பார்க்கலாம். யாரோ ஒருவர் தொழில் தொடங்கி லட்சங்கள் ஈட்டினார் என்று கேட்டு, கடனையும் குடும்பத்தையும் எண்ணாமல் ராஜினாமா எழுதுவது மயக்கம். மேலதிகாரியின் சுடுசொல், உடன் பணிபுரிந்தவருக்குக் கிடைத்த பதவி உயர்வு, ரயில் பயணத்தின் அலுப்பு ஆகியவற்றைத் தாங்காமல் விடுவது துன்பத்திலிருந்து ஓடுவது. ஓடுபவனுக்குச் சொந்தத் தொழிலும் புகலிடமாகாது. நிறுவனத்தில் ஓர் அதிகாரி. சொந்தத் தொழிலிலோ வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் அதிகாரியே. அதேபோல, வளரவேண்டிய ஆற்றலை அச்சத்தாலும் சோம்பலாலும் பூட்டி வைத்துக்கொண்டு வேலையிலேயே இருப்பதும் கடமையுணர்வு ஆகாது.

அப்படியானால் முறையாக விலகுவது எவ்வாறு? ஸ்ரீமத் பாகவதம் விதுரரைக் காட்டுகிறது. அவர் திருதராஷ்டிரனின் அமைச்சர். கசப்பானாலும் நன்மை தருவதையே பல ஆண்டுகள் எடுத்துரைத்தார். துரியோதனன் சபையில் அவமதித்தபோது, தம் வில்லை அரண்மனை வாயிலிலேயே வைத்துவிட்டு, மனவருத்தமின்றித் தீர்த்த யாத்திரைக்குப் புறப்பட்டார். இருந்தவரை குறைவின்றிப் பணி செய்தார். சென்றபோது பகையைச் சுமந்து செல்லவில்லை.

சொந்தத் தொழிலுக்கு மகாபாரதம் காட்டும் சான்று காசி நகர வணிகர் துலாதாரர். கடுந்தவம் செய்த ஜாஜலி முனிவர் தர்மத்தைக் கேட்டறிய அவருடைய கடைக்கே வர நேர்ந்தது. எல்லாரிடமும் சமமாக நின்ற துலாதாரரின் தராசே அவருடைய தவம். தனித்துத் தொழில் செய்பவரை மேற்பார்க்க எவரும் இல்லை. ஆகவே அவருடைய மனச்சாட்சி இரு மடங்கு விழித்திருக்க வேண்டும்.

மேலே கண்ட இளைஞன் தன்னைச் சோதித்துக்கொள்ள வழி உண்டு. ஓராண்டு சம்பளத்தில் பாதியைக் கொண்டு வாழ்ந்து பார்க்கட்டும், மீதியைச் சேமிக்கட்டும். கடன்களை அடைக்கட்டும். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு வழி செய்யட்டும். தொழிலைப் பழகுவது தன் ஓய்வு நேரத்தில் நடக்கட்டும். நிறுவனத்தின் நேரத்தையோ கருவிகளையோ அதற்காகத் தொடாதிருக்கட்டும். வீட்டாரிடம் வரவு செலவுக் கணக்கை ஒளிக்காமல் காட்டட்டும். அந்த ஓராண்டும் அலுவலகப் பணியை முன்னிலும் நன்றாகச் செய்யட்டும். அதன் பின்னும் விருப்பம் கோபமின்றி நிலைத்திருந்தால் அது உள்ளத்தின் அழைப்பு. விருப்பம் தானே ஓய்ந்துவிட்டால் அது வெறும் களைப்பு. களைப்புக்கு மருந்து ஓய்வு, ராஜினாமா அன்று.

தங்கவயல் கற்பிக்கும் பாடம் அச்சம் அன்று. கம்பெனியும் இறுதிப் புகலிடம் இல்லை, சொந்தக் கடையும் இறுதிப் புகலிடம் இல்லை என்ற விவேகமே அந்தப் பாடம். வருவாய் எங்கிருந்து வந்தாலும் புகலிடம் இறைவனே. இந்த உறுதி உள்ளவருக்கு வேலையில் இருப்பதும் சுமையன்று, விலகுவதும் பெருமையன்று.

கீதையின் முடிவில் பகவான் ஒன்று செய்கிறார். அனைத்தையும் உபதேசித்தபின், நன்றாக ஆராய்ந்து விரும்பியதைச் செய்யும் பொறுப்பை அர்ஜுனனிடமே விடுகிறார். குருவும் பெற்றோரும் ஒளி காட்டலாம். அடியெடுத்து வைக்க வேண்டியவன் அவனே. சோகமும் மயக்கமும் அடங்கிய நெஞ்சில், இறைவனை முன்னிறுத்தி எடுக்கப்படும் முடிவு எதுவாயினும் அது வழிபாடாகும்.