யார் கண்டார்?

பள்ளிவாசல் மலைச்சாலையோரம் நாம் நிறுத்திச் சென்ற காரின் கதவு நசுங்கிக் கிடந்தது. இடித்தவரைக் காணோம்; ஒரு துண்டுச் சீட்டுமில்லை. சினம் எழுந்தது இயல்பே.

பிறர் உடைமைக்குச் சேதம் விளைவித்த ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் அறிவித்தல் வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு. ஆயினும் மூடுபனி கவிந்த வளைவில் சட்டத்திற்குக் கண் ஏது? அங்கே மனச்சான்றே சாட்சி.

ஓடியவர் கொடியவர் அல்லர், அஞ்சியவராய் இருக்கலாம். ஆனால் அச்சம் கடமையை அழிப்பதில்லை. வாயில்லாப் பசு அடித்த மணிக்கே மகனைத் தண்டித்த மனுநீதிச் சோழன் கதையைப் பிள்ளைகளுக்குப் பெருமையோடு உரைக்கும் நாம், பிறர் வண்டியை உரசிவிட்டு, "யார் கண்டார்?" என நழுவியதே இல்லையா?

புகார் எழுதுவோம், அது நம் உரிமை. நாம் இடித்தால் பெயரும் முகவரியும் எழுதி வைத்தே அகல்வோம். அது நம் கடன். பிழைக்க வந்த மண்ணில் நாணயமே நமக்கு முகவரி.