கதையாதவரோடு செபிப்பது எப்படி?

ஒரு பங்கில் வேலி வழக்கால் பகைத்துக்கொண்ட இரு குடும்பங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று முதற் பூசைக்கு வரும். மற்றது இரண்டாம் பூசைக்கு வரும். கேட்டால், “அவர்களுக்காகவும் செபிக்கிறோம், சுவாமி. ஆனால் அவர்களோடு இருந்து செபிக்க மனம் வருகுதில்லை” என்பார்கள். இதை வெறும் சாட்டு என்று தள்ளிவிட முடியாது. உண்மையாகவே செபிக்கிறவர்கள் உண்டு. ஆயினும் ஒருவருக்காகச் செபிப்பதும் ஒருவரோடு செபிப்பதும் ஒன்றாகுமா?

ஒருவருக்காகச் செபிக்கையில் நான் நீதிமானாகவே இருந்துவிடலாம். “அவருடைய மனதை மாற்றும், ஆண்டவரே” என்று மன்றாடும்போது என் மனம் மாறவேண்டிய தேவை எழுவதில்லை. அவர் அருகே முழந்தாளில் நிற்கும்போதோ இருவரும் கடனாளிகள். கர்த்தர் கற்பித்த செபத்தில் ‘என்’ என்ற சொல்லே இல்லை. அப்பம் கேட்பதும் மன்னிப்புக் கேட்பதும் ‘எங்களுக்கு’ என்றே. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திச் செபிக்கச் சொன்னவரும் அவர்தாம். அந்தச் சாத்திய அறைக்குள்ளும் ‘எங்கள்’ என்றே சொல்லவேண்டியிருக்கிறது. அந்த ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று தீர்மானிக்கும் உரிமை நமக்குத் தரப்படவில்லை.

கார்த்தேஜ் நகரின் ஆயரான புனித சிப்பிரியான் 252ஆம் ஆண்டளவில் இச்செபத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நமது செபம் பொதுச் செபம், ஒருவர் செபித்தாலும் முழு மக்களுக்காகவுமே செபிக்கிறார் என்பது அவர் கருத்து. அமைதியான காலத்தில் எழுதப்பட்டிருந்தால் இதை ஓர் அழகிய எண்ணம் என்று வாசித்துவிட்டுப் போகலாம். அன்றைய கார்த்தேஜ் சபையோ பிளந்து கிடந்தது.

250இல் பேரரசன் தேசியுஸ் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டு அத்தாட்சிப் பத்திரம் பெறவேண்டும் எனக் கட்டளையிட்டான். அத்தகைய பத்திரங்கள் சில எகிப்து மண்ணிலிருந்து இன்றும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர் பலர் பலியிட்டனர். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துப் பத்திரம் வாங்கினர். சிலர் சிறையில் வதைபட்டனர். சிலர் அங்கேயே இறந்தனர். ஆயரான சிப்பிரியானோ ஒளித்திருந்தார்; அதற்காக அவரைக் குறை கூறியவர்களும் உண்டு. மறு ஆண்டு தேசியுஸ் போரில் மடிந்தான். தவறியவர்கள் கோவில் வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். சிறையில் தமையனைப் பறிகொடுத்தவர், பத்திரம் வாங்கித் தப்பியவரோடு எப்படி ‘எங்கள் பிதாவே’ என்பது?

இரண்டு எளிய வழிகள் இருந்தன. சிறையிலிருந்த சாட்சிகள் சிலர், “இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று கணக்கில்லாமல் கடிதம் கொடுத்தனர். சேர்ந்தவர் என்றால் எத்தனை பேர்? இருபதா, முப்பதா? சிப்பிரியான் இதைக் கண்டித்தார். மறுபுறம் உரோமையில் நொவாசியான் என்ற குரு, தவறியவர்களைத் திருச்சபை ஒருபோதும் ஏற்கலாகாது என்று பிரிந்து போனார். 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் இரண்டையும் ஏற்கவில்லை. தவறியவர் தவஞ்செய்ய வேண்டும். குற்றத்தின் அளவுக்கு ஏற்பக் காலமும் கடக்க வேண்டும். ஆனால் வாசல் அடைபடாது.

இதில் தவம் யாருக்கு விதிக்கப்பட்டது என்பதை நாம் கவனிப்பதில்லை. காயப்பட்டவரிடம் போய், “நீர் கிறிஸ்தவர்தானே, கையைக் கொடும்” என்று நெருக்குகிறவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. குருமாரும் இதற்கு விலக்கல்லர். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகும்படி கர்த்தர் யாரிடம் சொல்கிறார்? தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வருகிறவனிடம். எழுந்து போகவேண்டிய முதற் கடமை நோகச் செய்தவருடையது. உயிரைப் பறிகொடுத்த வீட்டின் வேதனையை வேலி வழக்கோடு ஒரே தராசில் நிறுக்கவும் கூடாது. சமாதானம் சொல்லும் நேரத்தில் கை நீட்ட இயலாதவர் நீட்டாமல் இருக்கட்டும். இரண்டு வாங்கு தள்ளியே இருக்கட்டும். ஆனால் அதே பூசையில் இருக்கட்டும்.

வீட்டுச் செபத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இரவு செபமாலை முடிவில், “எங்களுக்குத் தீங்கு செய்தவர்களுக்கு நல்ல புத்தியைக் கொடும்” என்று தகப்பன் சொல்வார். யாரைச் சொல்கிறார் என்பது பாயிலிருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். வழக்கு நீதிமன்றத்தில் முடிந்த பிறகும் அந்த மன்றாட்டு முடிவதில்லை. அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லத்தான் வேண்டுமானால், வீட்டிலுள்ளவர் பெயர்களோடு சேர்த்து ஒரே மன்றாட்டில் சொல்லலாம்.