பகைவனின் கழுதை

ரமளான் வந்தால் முப்பது ஜுஸ்வுகளையும் ஓதி முடிக்க வேண்டுமென்ற ஆவல் நமக்கு உண்டல்லவா? யூதர்களிடமும் இதுபோன்றதொரு வழக்கம் இருக்கிறது. நபி மூஸா (அலை) அவர்களின் தவ்ராத் என்று அவர்கள் போற்றும் ஐந்து ஆகமங்களை 54 பகுதிகளாக வகுத்து, சனிக்கிழமைதோறும் ஓதி, ஓராண்டில் நிறைவு செய்கிறார்கள். சில வாரங்களில் இரு பகுதிகள் சேர்ந்து வரும். முடித்த அன்றே மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடுவார்கள்.

அவற்றுள் 17-வது பகுதியில் ஸினாய் மலையும் இடிமுழக்கமும் பத்துக் கட்டளைகளும் வருகின்றன. மறுவாரம் ஓதப்படும் 'மிஷ்பாத்தீம்' என்ற பகுதியிலோ முட்டும் மாடு, மூடாத குழி, ஏழையிடம் அடகு வாங்கிய போர்வை என்று அன்றாட விவகாரங்களே பேசப்படுகின்றன. மலையுச்சியில் கேட்ட கட்டளை, தெருவுக்கு இறங்கி வந்தால்தானே வாழ்வாகும்!

அங்கே ஒரு சட்டம்: உன்னைப் பகைப்பவனின் கழுதை சுமை தாளாமல் விழுந்து கிடந்தால், விலகிப் போகாதே, அவனோடு சேர்ந்து அதற்கு உதவு.

உள்ளத்தில் கசப்பை வைத்துக்கொண்டு கையால் உதவுவது நயவஞ்சகம் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. நயவஞ்சகன் தன் தீமையை மறைப்பதற்காக நன்மையைக் காட்டுகிறான். இவனோ தன் கசப்பை அடக்குவதற்காக நன்மையைச் செய்கிறான்.

யூத அறிஞர்களின் தல்மூத் இதை இன்னும் நுட்பமாக ஆராய்கிறது. வாயில்லாப் பிராணி வேதனைப்படுவதால், சுமையை ஏற்றுவதைவிட இறக்குவதற்கே முதலிடம். ஆயினும் நண்பனுக்குச் சுமை இறக்க வேண்டும், பகைவனுக்கு ஏற்ற வேண்டும் என்ற நிலை வந்தால், பகைவனிடமே முதலில் செல் என்கிறது. காரணம், தன் நஃப்ஸை அடக்குவதற்காக! ஆனால், 'இது உன் கடமை, நீயே செய்' என்று உரியவன் சும்மா உட்கார்ந்துவிட்டால், உதவ வந்தவன்மீது கடமையில்லை என்றும் அவர்கள் விதித்தார்கள். சுமையின் இருபுறமும் இரு பகைவர்களின் கைகள் சேர வேண்டும் என்பதே நோக்கம்.

ஏடு சுமக்கும் கழுதையின் உவமை நம் திருமறையின் 62-வது அத்தியாயத்தில் இருக்கிறது. அது பிறருக்கு மட்டும் சொன்னதென்று நாம் இருந்துவிடலாமா? ஓதுவது எளிது. சுவர்த் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட அண்டை வீட்டார், நோயாளியைத் தூக்க ஆளின்றித் தவிக்கும் இரவில், நம் கதவு திறக்குமா? அந்த இரவில்தான் ஓதியது சோதிக்கப்படும்.

கசப்பு நீங்கட்டும், பிறகு போகலாம் என்று காத்திராதீர்கள். முதலில் கை போகட்டும். உள்ளம் பின்னால் வரும், இன்ஷா அல்லாஹ்.