வரவழைத்த ஓநாய்க்கு வலிக்குமா?

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆடுபவர்களிடம் ஒரு விசித்திரமான கேள்வி உண்டு: மந்திரத்தால் வரவழைத்த ஓநாயை, பொறி இருக்கிறதா என்று பார்க்க முன்னால் அனுப்பலாமா?

2003இல் வந்த 3.5 பதிப்பின் விதிப்படி அது உண்மையில் சாவதில்லை. மறைந்துபோய், 24 மணி நேரத்தில் மீண்டும் உருவாகிவிடும். "அப்புறம் என்ன, அனுப்பு!" என்பார்கள். 2014 பதிப்பிலோ ஒரே மந்திரத்துக்கு 8 ஓநாய்கள்கூட வரும்.

தினமும் புரோகிராம்களைக் கொன்று மறுபடி ஓடவிடுகிறவன் நான். இந்தத் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் புரோகிராமுக்கு வலிக்காது. ஓநாய்க்கு? சாவைக் கணக்கில் எடுத்த விதி, வலியைப் பற்றி மூச்சுவிடவில்லை.

கற்பனை ஓநாய்தானே, சரி. ஆனால் "திரும்பக் கிடைக்கும், அதனால பரவாயில்ல" என்று நினைக்கும் மனசு கற்பனை இல்லை. ஒப்பந்த ஊழியர்களைப் பற்றியும் இதே தொனியில் பேசக் கேட்டிருக்கிறேன். அதனால் என் ஆட்டத்தில் பொறியை நானே கோலால் தட்டிப் பார்க்கிறேன். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.