சாட்சியை மாற்றினால் வழக்கு முடியுமா?

உங்கள் கார் கொஞ்சம் பழசு என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து, இருபது வயது இருக்கும். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் லேசாக நடுங்குகிறது. பச்சை விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். போகலாமா, வேண்டாமா என்று வண்டி ஒரு விநாடி யோசிக்கிறது. அந்த ஒரு விநாடிக்குள் பின்னால் இருக்கும் ஆட்டோக்காரர் உங்கள் பரம்பரையையே விசாரித்துவிடுகிறார்.

மெக்கானிக் பாஷையில் இதற்கு ‘மிஸ்ஸிங்’ என்று பெயர். மறுநாள் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறீர்கள். ஒரு பார்ட்டை மாற்றுகிறார்கள். சரியாகவில்லை. இன்னொன்றை மாற்றுகிறார்கள். ம்ஹூம். மூன்றாவதை மாற்றியதும் சரியாகிவிடுகிறது. மூன்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். என் கேள்வி இதுதான்: முதல் இரண்டு பார்ட்டுக்கு நீங்கள் கொடுத்தது என்ன பணம்? அவர் உங்களை ஏமாற்றினாரா?

‘ஏமாத்திட்டான் சார்’ என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் அவர் மனசறிந்து பொய் சொல்லவில்லை. அதுதான் கோளாறு என்று நிஜமாகவே நம்பினார். அந்த நம்பிக்கையைத்தான் கொஞ்சம் பானட்டைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கார்புரேட்டர் காலத்தில் இந்தத் தொல்லை வேறு மாதிரி இருந்தது. ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு நல்ல காது, இரண்டும் இருந்தால் பாதி வைத்தியம் முடிந்துவிடும். புகைக் கட்டுப்பாடு விதிகள் இறுகிய 2000-ஆம் ஆண்டை ஒட்டி நம் ஊர் பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதை ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் முடிவு செய்ய ஆரம்பித்தது. ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். அந்தக் கணக்கு சரியாகப் போகிறதா என்று மோப்பம் பிடிக்க, புகை போகும் குழாயில் ஓர் ஆக்ஸிஜன் சென்சார் உட்கார்ந்திருக்கிறது. புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருந்தால் ‘பெட்ரோல் போதலை’ என்று தகவல் போகும். கம்ப்யூட்டர் கூடுதலாகத் தெளிக்கும். கோளாறு வந்தால் ஸ்கேனரைச் சொருகினால் போதும், ஒரு நம்பர் வந்து விழும். அப்பாடா, இனி ஊகத்துக்கு வேலையே இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

நண்பர் ஒருவரின் வண்டிக்கு நடந்ததைக் கேளுங்கள். 2006 மாடல். சென்னையில் நவம்பர் மழை. காலையில் வண்டி துடிக்கிறது, மிதித்தால் இழுக்க மாட்டேன் என்கிறது. ஸ்கேனரில் ‘கலவையில் பெட்ரோல் குறைவு’ என்று வந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினார்கள். அடுத்து இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். கடைசியில் பெட்ரோல் பம்ப்பையும் மாற்றினார்கள். மொத்தம் 14,000 ரூபாய்ச் சில்லறை. பம்ப் மாற்றிய அன்று வண்டி வெண்ணெயாக ஓடியது. ‘பம்ப்தான் சார், நான் சொன்னேன்ல’ என்றார் மெக்கானிக். நண்பருக்கும் திருப்தி.

அன்றைக்கு வெயில் அடித்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. நாலு நாள் கழித்து மறுபடி மழை. மறுபடி துடிப்பு.

இரண்டாவதாக அவர் போனது ஒரு வயசான மெக்கானிக்கிடம். அவர் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்னால் கேள்வியாகக் கேட்டார். எப்போ துடிக்குது? சும்மா நிற்கும்போதா, ஏற்றத்திலா? இன்ஜின் சூடானப்புறம் எப்படி? மழை நாளில் அதிகமா? கேள்விகள் சாதாரணமானவை. ஆனால் ஒவ்வொரு பதிலும் சந்தேகப் பட்டியலில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடும். பெட்ரோல் பம்ப் சோர்ந்துபோனால் பொதுவாக வேகத்திலும் ஏற்றத்திலும்தான் காலை வாரும். அதற்கு வெயிலும் மழையும் ஒன்றுதான். மழைக்கு மட்டும் பயப்படுகிற கோளாறு என்றால் கரண்ட் கசிகிறதோ என்று முதலில் பார்க்க வேண்டும்.

இருட்டும் வரை காத்திருந்தார். இன்ஜினை ஓடவிட்டு, சலூன் கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஸ்ப்ரே பாட்டிலால் பிளக் வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தார். ஒரு வயரிலிருந்து இன்ஜின் மேல் நீலமாகப் பொறி தாவியது. வயரின் ரப்பர் உறையில் மயிரிழை விரிசல். பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. (இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அந்த வயரில் ஓடுவது 20,000 வோல்ட்டுக்கு மேல்.)

அப்படியானால் ஸ்கேனர் பொய் சொன்னதா? இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது. பொறி விழாத சிலிண்டரில் பெட்ரோலும் எரியாது, காற்றும் செலவாகாது. அந்தக் காற்றில் இருந்த ஆக்ஸிஜன் அப்படியே புகைக் குழாய்க்கு வருகிறது. சென்சார் தான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னது: ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது. ‘அப்போ பெட்ரோல் குறைவு’ என்று தப்பாக அர்த்தம் எடுத்துக்கொண்டது கம்ப்யூட்டர். ஸ்கேனர் அதைப் படித்துக் காட்டியது. முதல் மெக்கானிக் என்ன செய்தார்? உண்மை சொன்ன சாட்சியைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, 3,500 ரூபாய்க்குப் புது சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதுவும் அதையேதான் சொன்னது, பாவம்.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு வரிசை வைக்கிறார். நோய் எது, எதனால் வந்தது, எதனால் தணியும். நாம் நடுவில் இருப்பதைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

சரி, நம் கேள்விக்கு வருவோம். மனசார நம்பித்தானே செய்தார், அது குற்றமா?

வில்லியம் கிளிஃபர்ட் என்று ஓர் ஆங்கிலேயக் கணித அறிஞர். 1877-ல் ‘நம்புவதில் உள்ள அறம்’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு. கடலுக்குத் தாங்குமா என்று அவருக்கே சந்தேகம். ஆனால் பிரித்துப் பார்த்தால் செலவு. ‘எத்தனை புயலைப் பார்த்த கப்பல், ஒண்ணும் ஆகாது’ என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்கிறார். கொஞ்ச நேரத்தில் அதை நிஜமாகவே நம்பிவிடுகிறார். பிழைப்பு தேடி வெளிநாடு போகிற குடும்பங்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. கிளிஃபர்ட் சொல்கிறார்: அவர் மனசார நம்பினார் என்பது ஒரு சாக்கே இல்லை. அப்படி நம்ப அவருக்கு உரிமையே கிடையாது. இன்னும் ஒரு படி மேலே போய், கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் அதே அளவு குற்றவாளிதான் என்கிறார்.

முதலில் படிக்கும்போது இது கொஞ்சம் ஓவராகத்தான் தெரியும். நம் நண்பரின் பம்ப்பை வைத்து யோசியுங்கள். அதற்கப்புறம் அந்த வருஷம் மழையே பெய்யாமல் இருந்திருந்தால்? மெக்கானிக் தன் ஆயுசு முழுக்க ‘பம்ப்தான்’ என்று நம்பியிருப்பார். இந்தக் கோளாறோடு வருகிற அடுத்த பத்து வண்டிக்கும் பம்ப் மாற்றியிருப்பார். மனசாட்சி உறுத்தவே உறுத்தாது. ஊகம் பலித்துப்போவது, பலிக்காமல் போவதைவிட ஆபத்து.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1896-ல் பதில் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஆதாரம் கிடைக்கும் வரை காத்திருந்தால் வாழ்க்கை நடக்காது என்பது அவர் கட்சி. நியாயம்தான். நாளைக் காலை ஆபீஸ் போகிறவருக்கு வண்டி வேண்டும். ஆனால் ஜேம்ஸ் தந்த சலுகை, ஆதாரத்தால் தீர்க்கவே முடியாத கேள்விகளுக்கு மட்டும்தான். நம் கேள்வியைத் தீர்க்க ஒரு தண்ணீர் பாட்டில் போதுமாக இருந்தது.

ஊகிக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ‘சந்தேகத்தில்தான் சார் மாத்துறேன், சரியாகாமலும் போகலாம்’ என்று சொல்லிவிட்டு மாற்றினால் அது வேறு. அப்போது பணத்தை வைத்துச் சூதாடுவது நீங்கள், தெரிந்தே ஆடுகிறீர்கள். அதைச் சொல்லாமல், தெரிந்தவர் மாதிரி தலையாட்டிவிட்டு மாற்றுவதுதான் குற்றம் என்பேன். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

பி.காம். படித்தவனுக்கு இதில் கண்ணை உறுத்துவது பில்தான். பார்ட்ஸ் என்று ஒரு காலம், லேபர் என்று ஒரு காலம். ‘கண்டுபிடித்ததற்கு’ என்று ஒரு காலம் பெரும்பாலான பில்களில் இல்லை. டார்பி, கார்னி என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 1973-ல் இந்த மாதிரி ரிப்பேர் தொழிலைத்தான் ஆராய்ந்தார்கள். சட்டையைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டால் தெரிந்துவிடும். ஆனால் சில சேவைகளைப் பணம் கொடுத்து அனுபவித்த பிறகும், அது தேவைப்பட்டதா என்று வாங்கியவருக்குத் தெரியாது. வைத்தியம், ரிப்பேர் எல்லாம் அந்த ஜாதி. கோளாறைச் சொல்பவரும் சரிசெய்து காசு வாங்குபவரும் ஒருவராகவே இருந்தால், என்ன நடக்கும் என்று கேட்க வேண்டுமா?

அதற்காக முழுப் பழியையும் மெக்கானிக் தலையில் கட்டிவிட முடியாது. வயசான மெக்கானிக் பிளக் வயர் செட்டுக்குப் போக, பார்த்ததற்கு 500 ரூபாய் தனியாகக் கேட்டார். நண்பர் பொங்கிவிட்டார். ‘என்னண்ணே, சும்மா தண்ணி தெளிச்சுப் பார்த்ததுக்கு ஐநூறா?’ முன்னால் 14,000 கொடுத்தபோது அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. ஏனென்றால் கையில் அட்டைப் பெட்டியோடு பார்ட் வந்தது. யோசிப்பதற்குக் கூலி தர மாட்டோம், பொருளுக்கு மட்டும்தான் தருவோம் என்று நாம் பிடிவாதம் பிடித்தால், எந்த மெக்கானிக் மெனக்கெட்டு யோசிப்பார்? மாற்றுவதுதானே லாபம்?

முதல் மெக்கானிக்கிடம் போய் ‘பம்ப் இல்லை, வயர்’ என்று சொன்னீர்களா என்று கேட்டேன். ‘எதுக்கு சார், வீண் சண்டை’ என்றார். அவர் இன்னும் பம்ப்தான் என்று நம்பிக்கொண்டிருப்பார்.

2025-ல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க வந்ததிலிருந்து ஒர்க்‌ஷாப்களுக்கு ஒரு புது பதில் கிடைத்திருக்கிறது. பழைய வண்டி துடித்தால் ‘பெட்ரோல் சார்’. இருக்கலாம். அந்தக் கலவைக்காக வடிவமைக்காத வண்டிகளில் ரப்பர் குழாய், கேஸ்கெட்டெல்லாம் கவனிக்க வேண்டியவைதான். ஆனால் அப்படிச் சொல்கிறவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். நாலு பிளக்கையும் கழற்றிப் பார்த்தீர்களா? மூன்று பிளக் நல்ல பழுப்பில் இருந்து ஒன்று மட்டும் ஈரமாகக் கறுத்திருந்தால் அவரையே யோசிக்கச் சொல்லுங்கள். நாலு சிலிண்டருக்கும் போனது ஒரே டேங்க் பெட்ரோல்தான். பார்க்கிற கூலி என்ன என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பேரம் பேசாமல்.